வசவுக் கணக்கு

அன்பு மகனுக்கு,

இன்று கடன் வசூல்காரன் போன் செய்தபோது நான், உன் தங்கை, வீட்டுக்காரம்மா மூவரும் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உன் பையன் எங்க ஓடிட்டான்?" என்றான்.

வீட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்து, இதுவரை அவன் திட்டியதையெல்லாம் தேதி, நேரத்தோடு அவனுக்கே படித்துக் காட்டினேன். கெட்ட வார்த்தைகளையும் விடவில்லை. சாமியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உன் தங்கை காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதையுமா எழுதி வச்சிருக்கீங்க?" என்றான்.

"உப்பு புளிக்கே கணக்கு எழுதுறவ, தம்பி. உங்க மேனேஜர்கிட்டயும் படிச்சுக் காட்டணும். உன் பேரைச் சொல்லு."

வைத்துவிட்டான்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருந்துச்சே!" என்றார் வீட்டுக்காரம்மா.

வாங்கிய கடனை மாதாமாதம் கட்டுவோம். அதற்காக நீ போனை அணைத்துவிட்டு அடுத்தவர் வீட்டில் ஒளிந்திருக்க வேண்டாம். இங்கே போனை நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்றைக்கு வருகிறாய்? சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா