முருகனோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை

பழனி ரோட்டின் வளைவுகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த என் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரி வரை நீங்கள் பொறுக்க மாட்டீர்கள்.

வேனை விற்றுவிட்டோம். பெரும்பாறைக்காரர் ஒருவர் வாங்கினார், மிளகு மூட்டை ஏற்றுகிறார். முன்கண்ணாடியில் நீங்கள் எதையும் தொங்கவிட்டதில்லை, மலைப்பாதையில் பார்வையை மறைக்கும் என்பீர்கள். அவர் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் போன பிறகு அம்மா சாமி கும்பிடவில்லை.

சாமி இல்லை என்று கல்லூரியில் படிக்கும்போதே முடிவு செய்தவள் நான். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. அம்மா நிறுத்தியது எனக்கு ஒன்றுமில்லாததாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது.

பகலெல்லாம் அவள் முருகனிடம்தானே பேசுவாள். அரிசி களையும்போது. துணி உலர்த்தும்போது. "முருகா, இந்த மழ நிக்குமா நிக்காதா, ஒரு வார்த்தை சொல்லு, துணியக் காயப்போடணும்ல." நீங்கள் சவாரி போன நாட்களில்கூட வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோலவே இருக்கும். அந்தப் பேச்சு நின்றுபோனது. அடுப்படியிலிருந்து குக்கர் சத்தம் மட்டும் வந்தது. என்னோடு பேசுவாள், தேவைக்கு. உப்பு இல்லை. பால் வாங்கு.

உங்களுக்கு ஆபரேஷன் நடந்த சமயத்தில் அவள் செய்தது நினைவிருக்கிறதா? காரியம் முடிந்த பிறகுதான் எல்லோரும் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அம்மா முன்னதாகவே பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்துவிட்டால் முருகனால் தட்ட முடியாது என்று நினைத்தாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். வார்டுக்கு மாற்றினார்கள். இட்லி கேட்டீர்கள்.

அப்புறம்.

சாவுக்கு வந்த பெண்கள் அம்மாவின் மொட்டைத்தலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல இந்தக் கொடுமையெல்லாம் எதுக்குத்தா?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுத் திட்டினார்கள். அது தாலிக்காகக் கொடுத்த முடி என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

இப்போது முடி கழுத்துவரை வந்துவிட்டது. கொஞ்சம் சுருட்டையாக. உங்களுக்குப் பிடிக்கும்.

தை கடைசியில் நம் வீட்டு மேல் அறைக்கு ஓர் ஆள் வாடகைக்கு வந்தாள். கிளேர். என் வயதுதான். அமெரிக்காவில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கடவுளைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் அமெரிக்கர்கள் சொல்வதையும் மற்ற நாட்டு மக்கள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. அவளுக்கு மொழிபெயர்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

கொஞ்சம் தமிழ் அவளுக்கே தெரியும். பல்கலைக்கழகத்தில் புத்தகத்தை வைத்துப் படித்த தமிழ். வந்த அன்று அடுப்படி வாசலில் நின்று கைகூப்பி, "அம்மா, தாங்கள் உணவு உண்டீர்களா?" என்றாள்.

அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. "ஏத்தா, இது என்ன, நாடகத்துல ராசா பேசுற மாதிரியில்ல பேசுது!"

கிளேர் சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். அம்மா கரண்டியோடு நின்று பார்ப்பாள்.

"யாருகிட்டத்தா பேசுது?"

"அவங்க சாமிகிட்டம்மா."

"ம். பேசட்டும். சோறு ஆறிப்போகும்னு மட்டும் சொல்லு."

நானும் கிளேரும் மாலையில் நடந்துகொண்டே வாதாடுவோம். பணக்கார நாடுகளில் அமெரிக்கா தனி ரகம் என்று நான் படித்திருந்தேன். வசதி வர வர ஐரோப்பாவில் தேவாலயங்கள் காலியாகின. அமெரிக்காவில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கார்கள் நிற்க இடமில்லாத அளவுக்கு அந்தக் கூட்டம் நெடுநாள் தாக்குப்பிடித்தது. கிளேர் ஒப்புக்கொண்டாள். ஆனால் இப்போது அங்கேயும் இளைஞர்கள் பலர் 'எந்த மதமும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிடுகிறார்களாம். ஜப்பானில் கேட்டால் எனக்கு மதமில்லை என்பவரே புத்தாண்டுக்குக் கோயில் வாசலில் வரிசையில் நிற்பாராம்.

"எங்கள் ஊரில் அது நடக்காது. அங்கே நீ உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே" என்றாள் கிளேர்.

அவளுடைய தம்பி வெளியே போனவன். எனக்கு நம்பிக்கை இல்லை, இனி வரமாட்டேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். அவர்கள் அம்மா அழுதார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவனிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கிளேரும்தான்.

எங்கள் வேலை நன்றாக நடப்பதாகத்தான் நினைத்தோம். ஊர் ஊராக எடுத்துப்போன கிளேரின் கேள்வித்தாளில் முக்கியமான கேள்வி கடவுள் நம்பிக்கை உண்டா என்பது. ஜனங்களுக்குப் புரியட்டும் என்று நான் அதைப் பேச்சுத்தமிழில் வைத்தேன். "சாமிய நம்புறீங்களா?"

பெரும்பாறைத் தோட்டத்தில் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த அக்கா, கீழே பார்க்காமலே பதில் சொன்னாள். "நம்பி? போன வருசமுந்தான் நம்புனேன். பூவு பூரா கொட்டிப்போச்சு." கிளேர் 'இல்லை' என்று குறித்தாள்.

அய்யம்பாளையத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த ஒரு சம்சாரி. "மொதல்ல அணையில தண்ணி ஏறட்டும். அப்பறம் நம்புறேன்." அதுவும் இல்லை.

வெள்ளகவிக்கு நடந்தே இறங்கினோம். அந்த ஊருக்குள் சாமிகள் குடியிருப்பதால் யாரும் செருப்பு போடுவதில்லை. நாங்களும் கையில் தூக்கிக்கொண்டோம். அங்கே ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாங்க நம்புறது கெடக்கட்டும்மா, அது எங்கள நம்புதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கிளேர் வெகுநேரம் யோசித்து, 'தெரியாது'.

கடைவீதியில் உங்களோடு தினமும் டீ குடிக்கும் பாயிடமும் கேட்டோம். பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். "ஏம்மா, தொழுகைக்குக் கெளம்புறவன நிறுத்தி வச்சுக் கேக்குற கேள்வியா இது? உங்கப்பா இருந்தா காதத் திருகியிருப்பாரு." தெளிவான 'ஆம்' அவர் ஒருவருடையதுதான்.

கிளேர் தாள்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "எங்கள் சோளக்காட்டை விட இந்த மலையில் நம்பிக்கை குறைவா?" எனக்கும் விளங்கவில்லை. திரும்பின பக்கமெல்லாம் மஞ்சள் பூசிய கல் இருக்கிற மலை.

அம்மா பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கிளேர் சட்டென்று, நான் தடுப்பதற்குள், நான் கற்றுக்கொடுத்த வாக்கியத்தையே அவளிடம் கேட்டுவிட்டாள். "அம்மா, சாமிய நம்புறீங்களா?"

"இல்ல" என்றாள் அம்மா.

அப்பா, அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்கத் தயாராக நான் இல்லை. நானே எத்தனையோ தடவை எளிதாகச் சொன்ன சொல்.

கிளேர் தயங்கித் தயங்கித் தாளில் ஒரு குறி போட்டாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னன்னு போட்டுருக்கு?"

"கடவுள் நம்பிக்கை இல்லாதவங்கன்னு" என்றேன்.

முறம் தரையில் மோதியது. "யாரு? நானா? அவன் இல்லன்னு நான் எப்பத்தா சொன்னேன்? இல்லாதவன்கிட்டயா போயி முடியக் குடுத்தேன்? இல்லாதவன் மேல எதுக்கு எனக்குக் கோவம் வருது?"

"நம்பலன்னு சொன்னியேம்மா."

"ஆமா, நம்பல. வாங்கிக்கிட்டு ஏமாத்துனவன எப்படி நம்புறது? அவன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல. அம்புட்டுத்தான். கோவிச்சுக்கிட்டு மலையேறத் தெரியும்ல அவனுக்கு? அப்பனும் ஆத்தாளும் எம்புட்டுக் கெஞ்சுனாங்க, எறங்குனானா? நானும் எறங்கல. அவன விட ஒசந்த மலையில கெடக்கேன். வேணும்னா ஏறி வரட்டும்."

உங்கள் வேனில் ஏறியவர்கள் உங்களை நம்பி ஏறினார்கள். டிரைவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்று யோசித்து ஏறவில்லை. என் தாய்மொழி, எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. இந்த மலை முழுக்க நான் கேட்டுக்கொண்டு திரிந்தது வேறொரு கேள்வி: சாமி இருக்கிறதா என்றல்ல, அதை நம்பி இருக்கலாமா என்று. ஜனங்கள் அதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

நான் விளக்கியதும் கிளேர் முதலில் தலையில் கைவைத்தாள். பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தம்பியின் கதையை அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அம்மாவுக்கு அவனுடைய அம்மா மேல்தான் கோபம். "பெத்தவ அழுதுட்டு அப்பிடியே விட்டுட்டாளா? ஏம்ப்பா, உனக்கு என்ன மனத்தாங்கல்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்? நேர போயிக் கேட்டுற வேண்டியதுதான?"

சொல்லிவிட்டு அம்மா நிறுத்தினாள். ஒரு பீன்ஸை எடுத்தாள். உரிக்கவில்லை.

கிளேர் தம்பிக்குப் போன் செய்தாள். கடவுள் மேல் உனக்குக் கோபமா என்று கேட்டாளாம். இல்லை என்றானாம். கோபமெல்லாம் இல்லை, மழை விட்டதுபோல ஒருநாள் விட்டுவிட்டது, அவ்வளவுதான். பிறகு வீட்டு நாயைப் பற்றி நெடுநேரம் பேசினார்களாம். இதைச் சொல்லும்போது கிளேரின் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அவனுடைய 'இல்லை' வேறு. அம்மாவின் 'இல்லை' வேறு. என்னுடையது அவனுடையதற்குப் பக்கத்தில் இருக்கலாம். ஒரே கட்டத்துக்குள் எங்கள் மூன்று பேரையும் கிளேர் போட்டிருப்பாள்.

மறுநாள் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து நின்றாள். புடவை மாற்றியிருந்தாள்.

"பழனிக்கு மொதப் பஸ்ஸு எப்பத்தா? வெள்ளனே போயிட்டு வெரசாத் திரும்பிறலாம்."

மூன்று பேரும் போனோம். வளைவுகளில் அம்மா கண்ணை மூடவில்லை. டிரைவர் வேகமாகத் திருப்பும்போதெல்லாம் "இவன் அவுக கால் தூசி பெறுவானா" என்று கிளேரிடம் சொன்னாள். கிளேருக்குப் புரியவில்லை. தலையாட்டினாள்.

விஞ்ச் வேண்டாம் என்று படியேறினாள் அம்மா. பூ வாங்கவில்லை. தேங்காய் வாங்கவில்லை. நான் உள்ளே போவதாக இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வரிசையில் பின்னாலேயே போனேன். சன்னதிக்கு நேரே வந்ததும் எல்லோர் கையும் தலைக்கு மேல் போனது. அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். உதடுகள் அசைய ஆரம்பித்தன. வேகம் கூடியது. விரலை நீட்டினாள்.

"அம்மா, நகருங்க, நகருங்க" என்றார் அங்கே நின்ற கோயில் ஊழியர்.

"இருய்யா. சோலியாத்தான நிக்கிறேன்."

அவர் நகர்த்தாமல் விட்டார். ஏன் என்று தெரியவில்லை. அப்படி வருகிறவர்களை அவர் பார்த்திருக்கலாம்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். மேலே நம் மலை நீலமாக நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதிருக்கிறாள். வியர்த்தும் இருந்தது.

"என்னம்மா கேட்ட?"

"அது எனக்கும் அவனுக்கும்."

"என்ன சொன்னான்?"

"அவன் என்னைக்குத்தா வாயத் தொறந்திருக்கான்? உங்கப்பா மாதிரித்தான். நாம கத்தி முடிக்கிற வரைக்கும் அசையாம நிப்பான்."

கிளேர் மெதுவாகக் குனிந்தாள். "அம்மா, இப்பொழுது தாங்கள் அவரை நம்புகிறீர்களா?"

"நம்புறதாவது! பாதிதான் கேட்டுருக்கேன். மிச்சம் அப்பிடியே கெடக்கு. அடுத்த கிருத்திகைக்கு வரணும்."

இறங்கும்போது பஞ்சாமிர்தம் வாங்கினாள். சாப்பிடும் முன் கிளேர் கண்ணை மூடினாள். அவள் பேசி முடிக்கும்வரை அம்மாவும் டப்பாவைத் திறக்கவில்லை.

அப்பா, கிளேர் தாளை எடுத்து, உன் அப்பா எங்கேயாவது இருக்கிறாரா என்று என்னைக் கேட்டால் நான் 'இல்லை' என்றுதான் சொல்வேன். பிறகு ஏன் இத்தனை பக்கம்? அந்தக் கேள்வி தாளில் இல்லை. இட்லி கேட்டுவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றி எனக்கும் உங்களிடம் கொஞ்சம் கேட்க இருக்கிறது.

கிருத்திகைதோறும் அம்மாவைக் கூட்டிப்போவேன். கும்பிட மாட்டேன், ஆனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பேன். அவள் சண்டை எத்தனை வருடம் நடந்தாலும், போதும் வாம்மா என்று சொல்ல மாட்டேன். இது சத்தியம். யார் மேல் என்று கேட்காதீர்கள்.

உங்கள் மேல் கோபமாக இருக்கும்,
உங்கள் மகள்.