பலகையில் என் சிவப்புப் புள்ளி

பண்டமாரான்,
12 ஜூன் 1993

அன்புள்ள சாந்தமேரிக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எனக்குக் குறையில்லை. உன் முட்டி வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் கிடங்கு மேனேஜர் ஏதோ கோர்சுக்குப் போய்வந்து உயிரை வாங்குகிறார். ஆளுக்கு ஒரு வேலை இலக்கு, ஒரு வாழ்க்கை இலக்கு எழுதச் சொல்லிச் சுவரில் பலகை மாட்டிவிட்டார். நான், "குடும்பம் சந்தோஷமா இருக்கணும்" என்று எழுதினேன்.

"அதை எப்படி அளக்கிறது அண்ணே? நம்பர் வேணும் லா" என்றார்.

எரிச்சலில், "மாசம் ஒரு தடவை வீட்டுக்குப் போகணும்" என்று மாற்றினேன்.

மாதம் முடிந்ததும் இலக்கை எட்டவில்லை என்று என் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. எல்லார் முன்னாலும், "ஏன் அண்ணே, வீட்டு மேல அக்கறை இல்லையா?" என்று கேட்டார்.

நானும் சொல்லிவிட்டேன்: "ரெண்டு தடவை லீவு கேட்டேன் பாஸ். லோரியில சரக்கு ஏத்த ஆள் இல்லன்னு நீங்கதான் குடுக்கல."

அவர் முகம் சுருங்கிப்போய், அங்கேயே லீவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை தைப்பிங் பஸ்ஸில் ஏறிவிடுவேன். என் தலையணையை வெயிலில் போட்டு வை. இங்கே உள்ளதில் தூக்கம் வருவதில்லை. என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் வந்ததும் கேட்காதே.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
கபிரியேல்