பன்னிரண்டு மஞ்சள் லேபல்கள்

செவ்வாய், இரவு

கழிவு ரசாயனப் பீப்பாய்களில் உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டவில்லை என்று, போன வாரம் நான் வேலை செய்யும் மவுண்ட் வெல்லிங்டன் கிடங்குக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி குற்றம் எழுதிவிட்டுப் போனார். பன்னிரண்டு பீப்பாய்கள், வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடப்பவை. எங்கள் மேனேஜர் முரளி கண்டுபிடித்த தீர்வு, மஞ்சள் லேபல்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு திறந்து பாக்க வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் பெயின்ட் தின்னர்னு போடுங்க. போட்டோல லேபல் தெரிஞ்சா போதும். இன்னைக்கே அனுப்பணும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் விசா கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இந்த மனிதர்தான்.

போட்டோவுக்காகத் தரையைக் கழுவ வைத்தார். துரு தெரியாத பக்கமாகப் பீப்பாய்களைத் திருப்ப வைத்தார். திறந்து பார்க்கத்தான் நேரமில்லை. பதில் கடிதத்தில் 'பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மூச்சாம்! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

லேபல் அடித்து ஒட்டியது நான். இரண்டு பீப்பாய்களில் அமில நெடி கண்ணை எரித்தது. அவற்றிலும் தின்னர் என்றே ஒட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது செல்வம் அண்ணை வந்தார். போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர். வியாழக்கிழமை எல்லாப் பீப்பாய்களையும் திறந்து ஒரே தொட்டியில் ஊற்றப் போகிறவர் அவர்தான். ஒரு லேபலின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"எல்லாம் தின்னர்தானே, தங்கச்சி? நீங்கள் பாத்துத்தானே ஒட்டியிருப்பியள்."

ஓம் என்றேன்.