மயக்கத்தில் பேசியதைத் திரையில் காட்டும் மைக்கை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ஆறாம் படுக்கையில் இருந்த நோயாளியின் தம்பி,
ஒலிக்கருவிப் பொறியாளர்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மயக்கம் தெளியும் அறையின் மைக், நோயாளிகளின் பேச்சைக் காத்திருப்புக் கூடத்தில் காட்டுவது; நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணியிலிருந்து 12 மணிக்குள் தங்கள் புதிய பாதுகாப்புக் கருவி ஒன்பது முறை எச்சரிக்கை கொடுத்தது. ஒன்பதும் மயக்கம் தெளிந்துகொண்டிருந்த நோயாளிகளின் பிதற்றல். சண்டை ஒன்றுகூட இல்லை.

உறவினர்கள் மருத்துவர்களிடம் சண்டைக்கு வந்தால் கண்டுபிடிக்கவே இது வாங்கப்பட்டதாக அறிகிறேன். நல்லது. உறவினர்களை உள்ளேயே விடாத அறையில் அதை ஏன் மாட்டினார்கள் என்பதுதான் விளங்கவில்லை. குரல் சற்று உயர்ந்தால் போதும். கேட்டதை எழுத்தாக்கி, படுக்கை எண்ணுடன் காவலர் மேசைத் திரைக்கு அனுப்பிவிடுகிறது. அந்தத் திரை காத்திருப்புக் கூடத்தில் இருக்கும் எங்களைப் பார்த்தபடி இருக்கிறது.

அன்று ஒருவர் பேருந்தை நிறுத்தச் சொன்னார். இன்னொருவர், மாடிப்படியில் கடல் ஏறி வருகிறது, செருப்பை எடுத்து வையுங்கள் என்றார். வெள்ளை எழுத்துகள் மெதுவாக மேலேறி மறைந்தன. கண்ணாடிக் கதவில் வெயில் அசையாமல் நின்றது. முன்பின் தெரியாத ஒருவரின் கனவுக்குள் எல்லோரும் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தது போல, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காவலர் சிரித்தார்: "இதுக்கு நாங்க வெச்ச பேரு ஒட்டுக்கேட்டான், தம்பி. டிவி இல்லாத குறையே தெரியல."

அடுத்து வந்தது ஆறாம் படுக்கை. என் அக்கா. நான்கு வரிகள். அவற்றை இங்கே எழுத மாட்டேன். தாங்களும் பதிவில் தேட வேண்டாம். பக்கத்தில் இருந்த அத்தான் படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்.

திரை விஷயம் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொல்லி அக்காவுக்குத் தெரியும். தான் சொன்னது மட்டும் தெரியாது. பகலில் கண் அயர்ந்தாலும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவளுக்கு இரண்டாம் கட்ட வயிற்று அறுவை சிகிச்சை மார்ச் 17. தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார் மருத்துவர். அவளோ, "டேய், முழிச்சிருக்கும்போதே அறுக்கச் சொல்லு. இல்லேன்னா நான் வரல" என்கிறாள்.

சண்டையை அறியச் சத்தத்தின் அளவு போதும், சொற்கள் வேண்டியதில்லை. எழுத்தாக்கும் வசதியை அணைப்பது ஐந்து நிமிட வேலை. விற்றவர் முடியாது என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். நானே வந்து செய்து தருகிறேன். அந்த அறையின் மைக்கை அகற்றி, பதிவுகளை அழித்து, அப்படிச் செய்ததாகத் தாங்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன். அந்தத் தாளைப் பார்த்தால்தான் அக்கா மயக்க ஊசிக்குக் கை நீட்டுவாள்.

இனி நான் செய்யவிருப்பவை:

1. 12ஆம் தேதி வரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.
2. வராவிட்டால் இதே மனுவுடன் தங்கள் மேலதிகாரி முன் போய் நிற்பேன்.
3. அதுவும் நடக்காவிட்டால், நான் செய்யப்போவதைச் சொல்லி அவளைச் சம்மதிக்கவைத்து, 17ஆம் தேதி அனுமதியில்லாமல் அந்த அறைக்குள் நுழைந்து, அவள் தலைமாட்டில் நின்று, வாய்க்கு வந்ததை உரக்கப் பேசிக்கொண்டே இருப்பேன். காவலர்கள் என்னை இழுத்துப் போகும்வரை திரையில் அவள் படுக்கையின் பேரில் என் உளறல்தான் ஓடும். அதற்குள் அவள் கண் விழித்துவிடுவாள்.

நாள்: மார்ச் 6
இடம்: மூன்றாம் மாடி, காத்திருப்புக் கூடம்

அக்காவுக்காக,
தம்பி
(கையொப்பம்)