மார்க்கரில் எழுதிய எண்

வேணிக்கு,

போனில் இதைப் பேச முடியவில்லை, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன். பிலோமின்ராஜ் நாளைக் காலை சவூதியிலிருந்து திருச்சி வந்துவிடுவான். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பி அவன் மனைவி அமலராணியோடு ஏர்போர்ட்டுக்குப் போ. சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லி அழுவாள். திறக்க விடாதே.

நான் பைப்புகளைப் பொருத்திக் கொடுப்பேன், அவன் வெல்டிங் வைப்பான். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தன் வெல்டர் எண்ணை மார்க்கரால் எழுதுவான். அவனுடைய கடைசி ஜாயின்ட்டில் நேற்றுத் தண்ணீர் ஏற்றிச் சோதித்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை.

எங்களில் ஒருவருக்கு என்றிருந்த ஃபோர்மேன் வேலை எனக்கே வந்துவிட்டது. அமலராணியிடம் இப்போது சொல்லாதே.

“லைன் ஓகே. பெயின்ட் அடிக்கச் சொல்லிடுங்க” என்றார் இன்ஜினியர். ஃபோர்மேனாக நான் சொல்லவேண்டிய முதல் வேலை அது. ஆட்களிடம் சொன்னேன். அந்த எண்ணின் மேல் மட்டும், பிரஷ்ஷை வாங்கி நானே அடித்தேன்.

உன் வீட்டுக்காரன்