குழவி முட்டுக் கொடுத்த படகு

ஞாயிறு, இரவு. திண்டிவனம்.

இரண்டு வருடமாக வாசலில் பழுது பார்க்கும் மோட்டார் படகில் இன்று பாதி வரை தண்ணீர் நிரப்பினோம். உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியே கசியாவிட்டால், ஏரித் தண்ணீரும் உள்ளே வராது. பைப்பைத் திறக்கும்போதே மனைவி செலின் சொல்லிவிட்டாள்: "ஒரு சொட்டு ஒழுவுனாலும் காயலான் கடைதாங்க. வண்டி நிறுத்த எடமில்ல."

அலுமினியப் படகு, உடம்பெல்லாம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி. தேய்ந்ததையெல்லாம் பிடுங்கிப் புதிதாக அடித்திருக்கிறேன். நான் வெளியே சுத்தியலால் அடிக்க, உள்ளே அம்மிக் குழவியை வைத்து முட்டுக் கொடுத்தது அவள்தான்.

குனிந்து அடியைத் தடவிக்கொண்டே போனோம். எல்லாம் காய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்த நேரத்தில் பின்மூலையில் ஒரே ஒரு ரிவெட் சொட்டியது.

அது எது என்று எனக்குத் தெரியும். அவள் பொம்மையார்பாளையத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, பொறுமையில்லாமல் ஒரு கையில் குழவியும் மறு கையில் சுத்தியலுமாக நானே அடித்தது.

"இது நான் புடிச்சிக்கினு இருந்ததா?" என்றாள்.

"ஞாபகம் இல்ல."

எழுந்து உள்ளே போனாள். காயலான் கடைக்காரருக்குப் போன் போடப் போகிறாள் என்றே நினைத்தேன். சட்னி அரைக்க வைத்திருந்த குழவியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தண்ணிய எறக்குங்க. நான் இல்லாதப்ப இனிமே அடிக்காதீங்க."

ராத்திரி தோசைக்குச் சட்னி இல்லை. பொடி தொட்டுக்கொண்டு ஆறு தோசை சாப்பிட்டேன்.