தார்த்தடத்தில் கத்தாதே, அங்கம்மா

நமுனுகுல மலையின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து லயத்து வீட்டில் நாய் எழுந்து நிற்குமே, அந்தக் குரல்காரி, என் அங்கம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி எழுதலாம் என்று மகன் சொன்னான். நாலு வரி உனக்கு எந்த மூலைக்கு? பீலிக்கு ஒரு குடம் தண்ணீர் பிடிக்கப் போனாலே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டு வருகிறவள் நீ. கடிதமாகவே போடட்டும் என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஒளித்து வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

எழுதுவது நான் இல்லை. என் கையெழுத்து கட்டைவிரல்தான், உனக்குத் தெரியாததா. உன் மருமகள் கௌரி எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் பள்ளிக்கூடத் தமிழில் திருத்திக்கொள்கிறாள். "நாய் எந்திரிக்கும்னு எல்லாம் போடணுமா மாமா? அத்தை கோவிச்சுக்குவாங்க" என்றாள். போடும்மா என்றேன். நீ சிரிக்கத்தான் செய்வாய்.

சேதி இதுதான். நம் சுதாகர் மண்ணை விட்டுத் தாருக்குப் போயிருக்கிறான்.

உனக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டாரவளையில் நிசாம் நானாவின் கராஜில் நம் பையன் பாஸ், வண்டி திருத்துகிற மெக்கானிக். அந்த நானாவுக்கு ஓட்டப்பந்தயப் பைத்தியம். இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டி, நடுவில் ஒரே ஒரு சீட் வைத்து, கதவும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் ஒரு வண்டியை நம் பையனை வைத்துச் செய்தார். தக்கை மாதிரி கனமில்லாத வண்டி. மலை மேட்டில் வெட்டின மண் தடத்தில் அதை ஓட்ட ஆள் தேடியபோது, செய்து முடித்தவனே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

முதல் தடவை நாம் போனது அவனைத் திட்டிக் கூட்டி வரத்தான், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூரைத்தகரம் ஆடிக்கொண்டிருக்க, இவன் சேற்றில் வட்டமடிக்கிறான் என்று கரித்துக் கொட்டிக்கொண்டு வந்தாய். வளைவுக்கு மேலே இருந்த மண்மேட்டில் ஏறி நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தா, எல்லாவனும் பயந்து பயந்து ஓட்டுறானுங்க. மழைல கொழுந்துக் கூடையோட எறங்குற மாதிரிதான இது? வழுக்குனா வழுக்குற பக்கமே கொஞ்சம் போயிட்டுத்தான் திரும்பணும்" என்றாய். அடுத்த சுற்றில் அவன் வந்தபோது உன் வாய் திறந்தது.

"வால வுடு தம்பி! வால வுடு!"

அவன் வண்டியின் பின்பக்கத்தை விசிறிவிட்டான். முன்சக்கரம் ஒரு பக்கம், வண்டி இன்னொரு பக்கம், மண் எழும்பி உன் சேலையெல்லாம் அப்பிக்கொண்டது. முன்னால் போன இரண்டு வண்டியும் பின்னால் போயின. அன்றிலிருந்து அந்த மண்மேடு உன்னுடையது. உனக்கு முன்னால் குடை விரித்தவன் எவனாவது தப்பித்தானா?

ஒன்று உன்னிடம் சொன்னதில்லை. அத்தனை வருஷமும் உன்னோடு வந்தேனே, நான் வண்டியைப் பார்த்ததே இல்லை. ஆயுசு முழுக்கத் தேயிலை ஸ்டோரில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பாதிக் காது போனவன், எனக்கு எதற்கு இன்னொரு மெஷின்? நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் முந்துகிறான், யார் கவிழ்ந்தான், நம் பையன் எங்கே வருகிறான், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

நீ போன பிறகு நடந்த மண் ஓட்டத்தில், கீழ்நாட்டிலிருந்து ஒரு சிங்கள முதலாளி மாத்தயா வந்திருந்தார். அவருக்குத் தார்த்தடத்தில் ஓடுகிற கார்கள் இருக்கின்றன. அவை கூண்டு வண்டி இல்லை. கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் உள்ள கார், பார்த்தால் ரோட்டில் போகிற கார்தான், உள்ளுக்குள் மட்டும் வேறு. அவருடைய ஓட்டுநர் ஒருவர் வெளிநாடு போய்விட்டாராம். "மூணு ஓட்டம் ஓட்டிப் பார்க்கட்டும். பிடிபட்டால் வண்டி அவனுக்கு. இல்லையென்றால் நான் வேறு ஆளைப் பார்க்கிறேன்" என்று சொன்னார். மண்ணில் ஓடுகிறவனுக்கு எப்போதும் கராஜ்தான் பிழைப்பு. தாரில் இடம் பிடித்தால் ஓட்டமே பிழைப்பு. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. இனி இன்னொருவர் வந்து கூப்பிடப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு நானும் போனேன். நீ செய்வதை யாராவது செய்ய வேண்டாமா? ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற ரோதைமுனிக்குக் கற்பூரம் கொளுத்தி, திருநீறு மடித்துக்கொண்டு, தேங்காய் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். சக்கரத்துக்கெல்லாம் காவல் அவர்தானே, மெஷின் சக்கரமானால் என்ன, கார் சக்கரமானால் என்ன. வண்டிகள் வரிசையாக நின்றன. நீ மண்ணில் செய்கிற மாதிரியே அவன் சக்கரத்துக்கு முன்னால் ஓங்கி உடைத்தேன். தேங்காய்த் தண்ணீர் தார் முழுக்க ஓடியது.

கொடி வைத்திருந்த ஆள் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள். சிங்களத்தில் அவன் சொன்னது பாதிதான் எனக்கு விளங்கியது. நிசாம் நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே செஞ்சீங்க! மண்ணுல ஊத்துனா தூசி அடங்கும். இங்க ஊத்துனா வண்டி சறுக்கும்!"

"சாமிக்கு ஒடச்சது, நானா."

"சாமி கோவிச்சுக்காது. அந்தா நிக்கிறானே, அவன்தான் கோவிச்சுக்குறான்!"

தாரைத் துடைத்துக் காய வைத்து, நம் வண்டியைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுதாகர் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஆனால் அவன் தோற்றது தேங்காயால் இல்லை.

பழக்கத்தில் நான் நானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், நடந்தது அவர் சொல்லித்தான் தெரியும். முதல் வளைவிலேயே வாலை விட்டான். மண்ணில் வாலை விட்டால் வண்டி திரும்பும். தாரில் வாலை விட்டால் டயர் கத்துகிறது, புகைகிறது, வேகம் செத்துப்போகிறது. இவன் அழகாக விசிறிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் சத்தமே இல்லாமல் உள்பக்கமாகப் போய்விட்டார்கள். பக்கத்தில் நின்ற பையன்கள், மலையிலிருந்து வந்து தாரை உழுகிறான் என்று சிரித்தார்கள். கடைசியாகத்தான் வந்தான்.

இரண்டாவது ஓட்டம் இன்னும் மோசம். பாதிவரை நன்றாகப் போனவன், கடைசி வளைவில் வாலை விட்டு, முழுதாகச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். மாத்தயா கோபப்படவில்லை. நானாவிடம் சொன்னாராம், "கை நல்ல கை. ஆனால் அந்தக் கைக்கு யாரோ பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்று.

திரும்பி வரும்போது பெரகலையில் வேனை நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். பனி இறங்கியிருந்தது. சுதாகர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"என்னடா, சூடு ஆறிப்போகுது."

"அப்பா, அந்த வளைவுல அம்மா சத்தம் கேக்குது."

நான் என் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"எல்லா வளைவுலயும் கேக்குதுப்பா. 'வால வுடு தம்பி'ன்னு. கேட்ட ஒடனே கை தானா திரும்பிருது. இது தாருன்னு தெரியுது, விடக்கூடாதுன்னு தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

"அத்தன சத்தத்துல எப்படிடா கேக்கும்? எனக்குத்தான் காது போச்சு, ஒனக்கு என்னா?"

"மண்ணுல நெசமாவே கேட்டுச்சு. இப்ப அம்மா இல்ல. கண்ணாடி எல்லாம் மூடியிருக்கு. இருந்தும் கேக்குது." கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கேக்காம ஓட்டுனா ஜெயிக்கலாம் போல. ஆனா அது நின்னுபோச்சுன்னா அப்புறம் எங்க போயி கேப்பேன்?"

நீ இருந்தால் ஒரு போடு போட்டு வழி சொல்லியிருப்பாய். பிள்ளைக்கு நான் சொன்னது, தேத்தண்ணிய குடி என்பது மட்டும்தான்.

மூன்றாவது ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் உன்னிடம் வந்தேன். உன்னைப் படுக்க வைத்த இடத்தில் தேயிலைச் செடி நன்றாகத் துளிர் விட்டிருக்கிறது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்னா தாத்தா, பாட்டிகிட்ட சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வளைவு தாண்டும்வரை காத்திருந்து, பிறகு உன்னிடம் சொன்னேன். இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் கத்தாதே என்று சொன்னேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று சொன்னேன். கூட வாழ்ந்த காலத்தில் ஒரு தடவைகூட உன்னைப் பேசாமலிரு என்று நான் சொன்னதில்லை. சொன்னால் இருக்கிறவளா நீ? மண்ணுக்குள் போன பிறகு போய்ச் சொல்கிறேனே என்று எனக்கே ஆறவில்லை. காதில் விழுந்ததா உனக்கு?

அன்றைக்குத் தார்த்தடத்தில் நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானாவின் முகத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அது உன் முகம் இல்லையே. அதனால் முதல் தடவையாக நம் பிள்ளை வண்டி ஓட்டுவதை நான் பார்த்தேன்.

நல்லா ஓட்டுறான் அங்கம்மா.

முதல் வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தான். வண்டி கோடு போட்டது மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது, டயர் முனகக்கூட இல்லை. நீலக் கார் ஒன்று முன்னால் போனது. அதன் பின்னாலேயே சுற்றுக்குமேல் சுற்று பொறுமையாகப் போனான். நீ பார்த்திருந்தால், "என்னடா பின்னாலயே போற, அவன் என்னா ஒன் மாமனா?" என்று கேட்டிருப்பாய். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடைசி வளைவில் அந்த நீலக் கார் கொஞ்சம் அகலமாகப் போனது. கதவு போகிற அளவுதான் இடம். அதில் சத்தமில்லாமல் நுழைந்து வந்துவிட்டான். நாலாவது இடம். மாத்தயா நானாவின் முதுகில் தட்டி, அடுத்த ஓட்டத்துக்கு நேரத்தோடு வரச் சொல் என்றார்.

வண்டி அவனுக்குத்தான்.

எல்லோரும் கை தட்ட, இவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கினான். கண் சிவந்து கிடந்தது.

"அப்பா, கேக்கல."

"என்னாடா?"

"ஒரு வளைவுலயும் கேக்கல. கேக்கும் கேக்கும்னு பாத்தேன். அம்மாவ மறந்துட்டேனாப்பா?"

இவ்வளவு பெரிய ஆள், அந்தச் சின்னக் கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். நான் எட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மறக்கலடா. நாந்தான் நேத்துப் போயி அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன், இன்னைக்குக் கத்தாதன்னு. அதான் பேசாம இருந்துச்சு."

என்னைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்தவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"அம்மாவா? நீங்க சொல்லியா? என்னைக்குப்பா ஒங்க பேச்சக் கேட்டிருக்கு?"

"ஒனக்காகக் கேட்டுச்சுடா" என்றேன்.

இதைச் சொல்லும்போது கௌரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இப்போதுதான் மறுபடி எழுதுகிறாள்.

நிஜமாகவே நீ கேட்டாயா, இல்லை பிள்ளையின் கை புதுப்பழக்கத்துக்கு வந்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ கேட்டாய் என்றால், வாய் நிறைய வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தனை வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் ஒன்று சொல்கிறேன், நம்பு. இனி அவன் ஓட்டம் ஒன்றையும் நான் விடமாட்டேன். முட்டு வலித்தாலும் வேனில் ஏறிவிடுவேன். வேறெங்கேயும் பார்க்காமல் வண்டியையே பார்ப்பேன். முடிந்த மறுநாள் காலையில் உன்னிடம் வந்து, எந்த வளைவில் எவன் முந்தினான், எங்கே இவன் பொறுத்தான், எங்கே பொறுத்திருக்கக் கூடாது, எல்லாம் சொல்வேன். அங்கே அவனிடம் கத்தாதே. சேர்த்து வைத்துக்கொள். நான் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் கத்து. இருக்கிற பாதிக் காது உனக்குத்தான்.

உன் வாய்க்குப் பயந்தவனும் அதைக் கேட்காமல் இருக்க முடியாதவனுமான
உன் வீட்டுக்காரன், சுதாகர் அப்பா,
காத்தமுத்து